நம்ம ஏரியா கேலரியில ரெண்டு நாள் ரஷ்யப் படங்கள் – போனவங்க, போகாதவங்க எல்லாரும் வாங்க

#1 அடையாறு ஆந்தை

மக்களே, எங்க வீட்லேருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டு மாடில சின்ன ஆர்ட் கேலரி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். அங்க இந்த சனி ஞாயிறு ஆறு படம் போட்டாங்க, டிக்கெட் எல்லாம் இல்ல, வாசல்ல ஒரு உண்டி மட்டும், ஆறுக்கும் போயிட்டு வந்தேன், இன்னிக்கு திங்கக்கிழமை ஆபீஸ்ல கண்ணு ரெண்டும் மிளகாப்பழம்.

சுவத்துல இருந்த பெயின்டிங் எல்லாம் கழட்டிட்டு வெள்ளைச் சுவத்துலயே புரொஜக்டர் அடிச்சாங்க, ஆணி ஓட்டை மட்டும் அங்கங்க தெரியும், அதனால ஹீரோயினுக்கு க்ளோசப் வரும்போது கன்னத்துல ஒரு மச்சம். நாப்பது பிளாஸ்டிக் சேர், முன்னாடி ஜமக்காளம். சனிக்கிழமை 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்', 'மேன் வித் எ மூவி கேமரா', 'தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்'. ஞாயித்துக்கிழமை 'கலர் ஆஃப் பொமகிரனேட்ஸ்', 'கம் அண்ட் சீ', 'ரஷ்யன் ஆர்க்'. யார் இந்த வரிசை போட்டாங்களோ அவங்க கைக்கு மோதிரம் போடணும், ஆனா 'கம் அண்ட் சீ'யை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறம் வெச்சதுக்கு அந்த மோதிரத்தை திருப்பி வாங்கிக்கலாம்.

பொட்டெம்கின் ஊமைப்படம்ங்கறதால மியூசிக் டிராக்கை ரொம்ப கம்மியா வெச்சிட்டாங்க. கப்பல்ல அழுகின கறில புழு நெளியுது, டாக்டர் மூக்குக்கண்ணாடிய மடிச்சு லென்சு மாதிரி வெச்சு பாத்துட்டு நல்ல கறிதான்னு சொல்றான், கரெக்டா அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்ல குக்கர் மூணு விசில். மொத்த ஹாலும் சிரிச்சிருச்சு. 1925ல எடுத்த படம், நூறு வருசம் ஆச்சு, இன்னும் அந்த கறிய பாத்தா வயித்த பெரட்டுது.

ஆனா நான் இழை ஆரம்பிச்சது 'கிரேன்ஸ்' பத்தி சொல்லத்தான். 1957, டைரக்டர் கலடசோவ், கேமரா உருசெவ்ஸ்கி. கான்ஸ்ல தங்கப்பனை வாங்குன ஒரே சோவியத் படம்னு அறிமுகத்துல சொன்னாங்க, சரி ஏதோ அவார்டு படம்னு கைய கட்டிக்கிட்டு உக்காந்தேன். வெரோனிகா போருக்குப் போற தன் ஆளை வழியனுப்ப பஸ்ல போறா, பஸ் ஜன்னலோரம் அவ மூஞ்சி, பஸ் நிக்குது, அவ இறங்கி கூட்டத்துக்குள்ள ஓடறா, கேமராவும் பின்னாடியே இறங்கி ஓடுது, நான் இதெல்லாம் தனித்தனி ஷாட்னு நினைச்சிட்டு இருக்கேன், அப்படியே கேமரா மேல ஏறிடுச்சுங்க, கீழ டாங்கி வரிசையா போகுது, நடுவுல புகைக்குள்ள அவ ஒருத்தி குறுக்க ஓடறா. ஒரே ஷாட்டு. 1957ல! கையில தூக்குன கேமராவோட பஸ்லேருந்து இறங்கி ஓடி அப்படியே கிரேன்ல ஏறியிருக்காங்க. உருசெவ்ஸ்கி போர்ல கேமராமேனா வேலை பாத்தவராம், ஓடிக்கிட்டே எடுக்கற கை அங்க பழகினதா இருக்கும்.

அவன் சாகற இடம் இன்னும் மோசம். அடிபட்டு மல்லாக்க விழறான், மேல பிர்ச் மரமெல்லாம் சுத்துது, சுத்தற மரத்துக்குள்ளயே மாடிப்படி வருது, அவன் மாப்பிள்ளை கோலத்துல ஏறிப் போறான், நடக்காத கல்யாணம் முழுசும் அந்த சுத்தல்லயே முடிஞ்சிடுது. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் கண்ணாடிய கழட்டி வேட்டி நுனில தொடைச்சிக்கிட்டே இருந்தார்.

மிச்சம் அப்பறம் எழுதறேன். யார் யார் வந்திருந்தீங்க?

#2 தூங்குமூஞ்சி

நான் வந்தேன் ஜி. மூணாவது வரிசை, தூண் பக்கத்துல. மாதுளம்பழப் படத்துல தூங்கிட்டேன்னு ஒத்துக்கறேன், யாரும் கல்லெடுக்க வேணாம். வெள்ளைத் துணில மூணு மாதுளம்பழம், சிவப்பா சாறு கசியுது, அதுவரை முழிப்பு. அப்பறம் முழிச்சா ஒரு கோயில் கூரை மேல பெரிய பெரிய புஸ்தகமா காயப்போட்டிருக்காங்க, காத்துல பக்கம் பக்கமா புரளுது, நடுவுல ஒரு சின்னப்பய படுத்திருக்கான். கனவா படமான்னு தெரியல. மறுபடி தூங்கி மறுபடி முழிச்சா சர்ச்சுக்குள்ள பூரா ஆட்டு மந்தை. சத்தியமா சொல்றேன், தூங்காம பாத்தவங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

#3 எடிட்டிங் டேபிள்

@தூங்குமூஞ்சி அடப்பாவி, அந்தப் புஸ்தக ஷாட்டுக்காக நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். ஆனா ஒண்ணு, பரஜனோவ் படத்துல பாதி முழிப்பு பாதி தூக்கம் தப்பே இல்ல. கதை சொல்ற படமே கிடையாது அது, சாயத் நோவாங்கற ஆர்மீனியக் கவிஞரோட வாழ்க்கைய அவர் பாட்டுல வர்ற பொருளா எடுத்து வெச்சு வெச்சு காமிக்கறது. கேமரா அசையவே அசையாது, ஆளுங்க அதுக்கு முன்னாடி வந்து நம்ம கொலு பொம்மை மாதிரி நேரா பாத்து நிப்பாங்க. இளவயசு கவிஞனா வர்றதும் அவன் காதலியா வர்றதும் ஒரே நடிகை, சோஃபிக்கோ சியாவுரெலி, கவனிச்சீங்களா?

நான் எடிட்டிங்ல அசிஸ்டெண்ட், அதனால எனக்கு சனிக்கிழமைதான் திருவிழா. 'மூவி கேமரா' படத்துல நடுவுல குதிரை ஓட்டம் சட்டுனு நின்னு போகும், பிலிமே அறுந்துடுச்சோன்னு நினைப்போம், அப்பதான் ஒரு பொண்ணு டேபிள்ல உக்காந்து பிலிம் துண்டை தூக்கி வெளிச்சத்துல பாத்து வெட்டி அடுக்கறதக் காட்டுவாங்க, அந்தத் துண்டுல இருக்கற குழந்தை மூஞ்சி அப்பறம் உயிர் வந்து சிரிக்கும். அந்தப் பொண்ணு எலிசவெத்தா ஸ்விலோவா, டைரக்டர் வெர்தோவோட மனைவி, நிஜமாவே அந்தப் படத்தோட எடிட்டர். நம்ம வேலைய அது நடக்கற டேபிளோட சேத்து படத்துக்குள்ளயே காமிச்சது 1929ல. எங்க ஆபீஸ்ல இன்னிக்கும் எடிட்டர்னா ரூம்ல ஏசி சரியா வேலை செய்யுதான்னு கேக்கறதோட சரி.

கேமராமேன் மிகயில் காஃப்மன், வெர்தோவோட தம்பி. இன்னொரு தம்பி போரிஸ் அமெரிக்கா போய் 'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்' படத்துக்கு கேமரா பண்ணி ஆஸ்கர் வாங்கிட்டார். ஒரே வீட்ல மூணு பேர்.

#4 செவ்வானம்

தோழர்களே, அந்த வேட்டி நுனிப் பெரியவர் நான்தான். அதையும் எழுதிட்டீங்களா ஆந்தை, பரவாயில்ல.

எனக்கு வயசு அறுபத்தெட்டு. சின்ன வயசுல எங்க ஊருக்கு நியூ செஞ்சுரி புத்தக வேன் வரும், முன்னேற்றப் பதிப்பகம் போட்ட கெட்டி அட்டைப் புஸ்தகமெல்லாம் டீ காசுக்கு கிடைக்கும். 'சோவியத் நாடு' பத்திரிகை வழவழன்னு இருக்கும், படிச்சு முடிச்சதும் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுடுவோம், கணக்கு நோட்டு மேல டிராக்டர், வரலாறு நோட்டு மேல ககாரின். ஐத்மாத்தவோட 'முதல் ஆசிரியர்' தமிழ்ல பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்புல படிச்சுட்டு நான் வாத்தியார் வேலைக்கே போனேன், இது மிகை இல்ல. அந்தக் கதைய 1965ல கொன்சலோவ்ஸ்கி படமாவும் எடுத்திருக்கார்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொண்ணு. 'அதிகாலையின் அமைதியில்' படிச்சவங்க இருக்கீங்களா? ஒரு சார்ஜெண்டு, அஞ்சு பொண்ணுங்க, காட்டுக்குள்ள ஜெர்மன்காரனுங்க. 1972ல ரஸ்தோத்ஸ்கி படமாக்கினார். ஜனநாதன் 'பேராண்மை'ல எடுத்துக்கிட்டது அந்தக் கருவைத்தான், என்ன, அங்க அஞ்சு பொண்ணுங்களும் செத்துப் போவாங்க. 'இயற்கை' தஸ்தயேவ்ஸ்கியோட 'வெண்ணிற இரவுகள்'லேருந்து வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். ஜனநாதன் இருந்திருந்தா முதல் வரிசைல உக்காந்திருப்பார்.

எனக்கு ஒரே ஒரு குறை. வாசல்ல கரும்பலகைல சாக்பீஸால 'ரஷ்யத் திரைப்பட வார இறுதி'ன்னு எழுதியிருந்தாங்க. அது தப்பு. ஆறுல அஞ்சு படம் சோவியத் படம். சோவியத்னா ரஷ்யா மட்டும் இல்ல.

#5 அடையாறு ஆந்தை

ஐயா வணக்கம், நீங்கதானா! அடுத்த தடவை பக்கத்துல உக்காந்தா பேசிடறேன்.

அந்தப் பலகை மேட்டர்ல நானும் வீட்டுக்கு வந்து நோண்டினேன். ஆறு டைரக்டர் எங்க பொறந்தவங்கன்னு பாருங்க. 'பொட்டெம்கின்' எடுத்த ஐசன்ஸ்டைன் ரீகால, இப்ப லாட்வியா. வெர்தோவ் பியாலிஸ்டோக்ல, இப்ப போலந்து. கலடசோவ் திபிலிசில, ஜார்ஜியாக்காரர். பரஜனோவும் திபிலிசிதான், ஆனா ஆர்மீனியக் குடும்பம். 'கம் அண்ட் சீ' எடுத்த கிளிமோவும் 'ரஷ்யன் ஆர்க்' எடுத்த சொகுரோவும் மட்டும்தான் இன்னிக்கு மேப்புல ரஷ்யான்னு இருக்கற எடத்துல பொறந்தவங்க. அதுலயும் கிளிமோவ் எடுத்தது நாஜிங்க கிராமம் கிராமமா எரிச்ச பெலாரஸ் கதை, பெலாரஸ் மண்ணுல. 'மூவி கேமரா' எடுத்தது கியவ், கார்கிவ், ஒடேசா, மாஸ்கோன்னு கலந்து, காசு போட்டது உக்ரைன் ஸ்டூடியோ. அப்ப அந்த வார இறுதில முழுசா ரஷ்யப் படம்னு தயங்காம சொல்லக்கூடியது கடைசிப் படம் ஒண்ணுதான். அது பேர்லயே ரஷ்யன் இருக்கு, தப்பிக்க வழியில்ல.

#6 செவ்வானம்

ஆந்தை, பாதி சரி. ஐசன்ஸ்டைன் பொறந்த 1898ல ரீகா ஜார் சாம்ராஜ்யத்துல இருந்தது, பியாலிஸ்டோக்கும் அப்படித்தான். இன்னிக்கு மேப்பை வெச்சு அன்னிக்கு ஆளை அளக்கக்கூடாது. இவங்களை சேத்தது சோவியத் அரசு. 1919லயே மாஸ்கோல சினிமாவுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க, உலகத்துல அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு இல்ல. உள்நாட்டுப் போர், சோத்துக்கே வழியில்ல, பிலிம் சுருள் கிடைக்காது, ஆனா சினிமா வாத்தியார் சம்பளம் வாங்கினார்.

#7 எடிட்டிங் டேபிள்

ஐயா சொல்ற பிலிம் பஞ்சம்தான் எங்க தொழிலுக்கே பிள்ளையார் சுழி. குலெஷோவ் அந்த ஸ்கூல்ல பிலிம் இல்லாததால பழைய படங்களை வெட்டி வெட்டி ஒட்டி சோதனை பண்ணினார். ஒரு நடிகனோட மூஞ்சி, சும்மா பாக்கறான், அவ்வளவுதான். அதுக்கு அடுத்து சூப் கிண்ணம் வெச்சா பசிச்ச மூஞ்சி, சவப்பெட்டில குழந்தை வெச்சா துக்கம், பொண்ணு வெச்சா ஆசை. மூஞ்சி ஒண்ணுதான், மாறினது பக்கத்து ஷாட்டு. எங்க சார் முதல் நாளே சொல்லிக்குடுத்தது இதுதான், சார் சொன்ன உதாரணத்துல மட்டும் சூப்புக்கு பதில் பிரியாணி.

அதைப் போட்டுக் காட்டின நாட்டுலேருந்தே எண்பது வருசம் கழிச்சு ஒருத்தர் கட்டே இல்லாம ஒரு படம் எடுத்துட்டார் பாருங்க. 'ரஷ்யன் ஆர்க்', 2001 டிசம்பர் 23, ஜாரோட பழைய அரண்மனையான ஹெர்மிடேஜ் மியூசியம், ஒரே நாள்தான் பர்மிஷன், 96 நிமிசம், ஒரே ஷாட். முதல் மூணு தடவை பாதில கெட்டுப் போச்சு, நாலாவது தடவை போட்டதுதான் நாம பாக்கறது. ரெண்டாயிரம் பேர் வேஷம் போட்டுக்கிட்டு முப்பத்து மூணு ரூம்ல காத்துக்கிட்டு இருக்காங்க, ஸ்டெடிகேம் தூக்கின ஜெர்மன்காரர் பூட்னர் தோளுக்கு என்ன ஆயிருக்கும்! சனிக்கிழமை காலைல 'பொட்டெம்கின்'ல பட்டாளம் ஜனத்தை சுடற ஒடேசா படிக்கட்ட துண்டு துண்டா வெட்டினதப் பாத்துட்டு ஞாயிறு ராத்திரி வெட்டே இல்லாத படிக்கட்டுல ஜனம் இறங்கிப் போறதப் பாத்தேன். அதுல எடிட்டருக்கு வேலையே இல்லன்னு கடுப்பாவும் இருந்துச்சு.

#8 ஒடேசா ரிட்டர்ன்

வணக்கம். இந்த ஃபோரம்ல ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல்.

நான் ஒடேசால எம்பிபிஎஸ் படிச்சேன், மூணாவது வருசம் வரைக்கும். ஹாஸ்டல்லேருந்து அந்த படிக்கட்டு டிராம்ல கொஞ்ச தூரம். 192 படி. மேலேருந்து பாத்தா படியே தெரியாது, நடு நடுவுல இருக்கற தளம் மட்டும் தெரியும், கீழேருந்து பாத்தா தளம் தெரியாது, வெறும் படி. கீழ அகலமா மேல குறுகலா கட்டியிருக்காங்க, அதனால இருக்கறத விட நீளமா தெரியும். ஃபர்ஸ்ட் இயர்ல நாங்க தமிழ்ப் பசங்க பந்தயம் கட்டி ஏறுவோம், தோத்தவங்க எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தரணும். படத்துல காட்டற மாதிரி பட்டாளம் அந்தப் படில வரிசையா இறங்கி சுட்டது நடக்கலன்னு எங்க ஊர் லேண்ட்லேடி சொல்வாங்க, 1905ல ஆளுங்க செத்தது துறைமுகப் பக்கம், ராத்திரில. ஆனா உலகமே படிலதான் செத்தாங்கன்னு நம்புது, அந்த அளவுக்கு எடுத்துட்டாரு.

2022 பிப்ரவரில போர் ஆரம்பிச்சதும் கிளம்பினோம், மால்டோவா பார்டர் வரை பஸ், அங்கேருந்து ருமேனியா. போனப்பறம் போட்டோ வந்துச்சு, படிக்கட்டு உச்சில இருக்கற ரிச்செல்யூ சிலைய கழுத்து வரை மணல் மூட்டை போட்டு மூடியிருந்தாங்க. நாங்க ஐஸ்கிரீம் தின்ன எடம்.

அண்ணா, உங்க பலகை விவாதம் எனக்கு சும்மா பேர் விவாதம் இல்ல. அதான் எழுதறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

#9 தூங்குமூஞ்சி

தங்கச்சி மன்னிப்பெல்லாம் வேணாம், எழுதும்மா. இந்த இழைல உருப்படியா ஒரு ஆள் வந்திருக்கு.

#10 செவ்வானம்

நல்லா இருக்கியாம்மா? படிப்பு என்னாச்சு?

#11 ஒடேசா ரிட்டர்ன்

ஒரு வருசம் ஊர்ல ஆன்லைன் கிளாஸ், அப்பறம் மாறி இப்ப திபிலிசில ஃபைனல் இயர், ஐயா. ஆமா, கலடசோவும் பரஜனோவும் பொறந்த அதே திபிலிசி, #5 படிச்சதும் சிரிச்சேன். இங்க பழைய ஊர் பக்கம் பரஜனோவுக்கு ஒரு சிலை இருக்கு, சுவத்துலேருந்து பறந்து வர்ற மாதிரி, கையக் கால விரிச்சுக்கிட்டு. யாருன்னு தெரியாமலே ரெண்டு வருசம் பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கமா நடந்து போயிருக்கேன்.

அவரை ரஷ்ய டைரக்டர்னு இங்க ஒரு டீக்கடைல சொல்லிப் பாருங்க, டீ வராது. அவர் நிறைய காலம் வேலை பாத்தது கியவ்ல. 'ஷாடோஸ் ஆஃப் ஃபர்காட்டன் ஆன்செஸ்டர்ஸ்' உக்ரைன் மலைக்காரங்க பேச்சுல எடுத்தார், ரஷ்ய மொழில டப் பண்ண ஒத்துக்கல. 1965ல அது கியவ்ல வெளியான அன்னிக்கு தியேட்டர்லயே எழுந்து நின்னு உக்ரைன் எழுத்தாளர்களை கைது பண்றத எதிர்த்து பேசினாங்க. 1973ல அவரையே ஜெயில்ல போட்டாங்க, நாலு வருசம். உள்ள பேப்பர் ஒட்டி கொலாஜ் பண்ணுவார், பால் பாட்டில் மூடி அலுமினியத் தகட்டுல நகத்தால உருவம் கீறுவார். ஐயா, அவங்களை சேத்தது சோவியத் அரசுன்னீங்க. உள்ள போட்டதும் அதே அரசுதானே.

#12 செவ்வானம்

அதுல நான் வாதாட மாட்டேன்மா. அது அந்த அரசு செஞ்ச அநியாயம். என் வீட்ல அந்தப் புஸ்தகங்களை நான் இன்னும் வெச்சிருக்கேன், அதுல இதெல்லாம் ஒரு வரி கூட இருக்காது, அது எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது.

#13 இழைக் காவலர்

அன்பர்களே, நாகரிகமாவே போகுது, அப்படியே போகட்டும். இப்ப நடக்கற போர் பத்தி தனி இழை இருக்கு. இங்க படங்களோட ஒட்டிப் பேசினா போதும். ஒரு பதிவை நீக்கியிருக்கேன், காரணம் அவருக்கே தெரியும்.

#14 பனங்கிழங்கு

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோ. உங்கட கலரிக்கு வர ஏலாது, ஆனா 'கம் அண்ட் சீ' நான் போன குளிருக்க லப்டொப்பில பார்த்தனான். முழுசாப் பார்க்க மூண்டு நாள் எடுத்தது.

கன பேர் அந்த களஞ்சியத்துக்க சனத்தை அடைச்சு எரிக்கிற இடத்தைத்தான் சொல்லுவினம். எனக்கு அதுக்கு முதல், காட்டுக்க குண்டு விழுந்த பிறகு, படத்தில வாற பெடியனுக்கு காது அடைச்சுப் போகும், கூ எண்டு ஒரே சத்தம், ஆக்கள் வாயசைக்கிறது மட்டும் தெரியும், கன நேரத்துக்கு அப்பிடியே போகும். நான் ஹெட்போனைக் கழட்டிப் போட்டன். கிபிர் விமானம் குண்டு அடிச்ச அண்டைக்கு பங்கருக்குள்ளால வெளிய வந்து அம்மா என்னைப் பிடிச்சு உலுப்பி ஏதோ கேக்கிறா, எனக்கு இதே சத்தம்தான். எனக்கு அப்ப ஒன்பது வயசு. இப்ப வரைக்கும் ஒருத்தருக்கும் இதை விளங்கப்படுத்த ஏலாமல் இருந்தது. ஒரு படம் அந்தச் சத்தத்தை எடுத்து வச்சிருக்கு எண்டு தெரியாது.

அந்தப் பெடியன்ர முகம் படம் முடியேக்க கிழவன்ர முகம். அது மேக்கப் எண்டு நான் நம்பேல்லை.

#15 அடையாறு ஆந்தை

@பனங்கிழங்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன்.

ஹால்ல அந்தப் படம் முடிஞ்சதும் லைட் போடாதீங்கன்னு யாரோ சொன்னாங்க. கொஞ்ச நேரம் இருட்டுலயே உக்காந்திருந்தோம், கீழ ஆட்டோ போற சத்தம் மட்டும். கடைசில 628 கிராமம் ஆளுங்களோட எரிக்கப்பட்டுதுன்னு எழுத்து வரும். அந்தப் பையன் கீழ கிடக்கற ஹிட்லர் படத்தை சுடச் சுட நியூஸ்ரீல் பின்னாடி ஓடும், ஹிட்லர் இளைஞனாகி, பையனாகி, கடைசில அம்மா மடில கைக்குழந்தையா வருவான், பையன் துப்பாக்கிய இறக்கிடுவான். இந்த இடத்துல என் பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு சத்தமாவே "சுடுடா"ன்னு சொல்லிட்டா. நானும் மனசுல அதையேதான் சொல்லிட்டு இருந்தேன், அப்பறம் வெக்கமா போச்சு.

கூட எழுதின அதமோவிச் சின்னப்பையனா பெலாரஸ் காட்டுல கெரில்லாக்களோட இருந்தவர். கிளிமோவ் ஸ்டாலின்கிராட்ல பொறந்து, ஊர் எரியும்போது வோல்கா ஆத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகப்பட்ட பையன். படம் எடுக்க அரசு அனுமதி குடுக்காம பல வருசம் இழுத்தடிச்சாங்க. 1985ல வந்துச்சு, அதுக்கப்பறம் கிளிமோவ் வேற படமே எடுக்கல.

#16 எடிட்டிங் டேபிள்

கிளிமோவ் பேரு வந்ததால என் ஒரே கோவத்தை இறக்கி வெக்கறேன். ஆறு படத்துல ஒரு பொண்ணு எடுத்த படம் கூட இல்ல. கிளிமோவோட மனைவி லாரிசா ஷெபிட்கோ, 'தி அசென்ட்' 1977ல பெர்லின்ல தங்கக்கரடி வாங்குன படம். பனி, பனி, பனி, ரெண்டு பேர் சோறு தேடிப் போயி மாட்டிக்கறாங்க, ஒருத்தன் உயிரை விடறான் ஒருத்தன் மானத்தை விடறான். இதுவும் பெலாரஸ் எழுத்தாளர் பீக்கவ் கதைதான். ரெண்டு வருசத்துல, 1979ல, அடுத்த படத்துக்கு லொகேஷன் பாக்கப் போன எடத்துல கார் ஆக்சிடெண்ட்ல போயிட்டாங்க, கூட இருந்த கேமராமேனும். அந்தப் படத்தை கிளிமோவ்தான் முடிச்சார். அவங்க போட்டோ, பேட்டி, படத்துண்டுகளை வெச்சு 'லாரிசா'ன்னு ஒரு சின்னப் படமும் செஞ்சார். 'கம் அண்ட் சீ' பாக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்தா அந்த மனுஷன் மேல இன்னும் பாரமாயிடும்.

ஒடேசா தங்கச்சி, ஷெபிட்கோ பொறந்த ஊர் எதுன்னு தெரியுமா? அர்த்யோமவ்ஸ்க். இப்ப அதுக்கு பழைய பேரே திரும்ப வந்திருக்கு, பாக்முத்.

#17 ஒடேசா ரிட்டர்ன்

தெரியாது அக்கா. பாக்முத்லேருந்து என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா. அவங்க தெரு இப்ப இல்ல.

#18 தூங்குமூஞ்சி

சீரியஸா கேக்கறேன், கிண்டல் இல்ல. இப்படி இருக்கும்போது இந்தப் படங்களைப் போடலாமா? உக்ரைன்காரங்களே ரஷ்யப் படத்தை பகிஷ்கரிக்கச் சொன்னாங்கன்னு ஞாபகம்.

#19 அடையாறு ஆந்தை

சொன்னாங்க, 2022ல உக்ரைன் திரைப்பட அகாடமி. லொஸ்னித்சான்னு ஒரு டைரக்டர், கியவ்ல வளந்தவர், போரைக் கடுமையா எதிர்க்கறவர், ஆனா ஒட்டுமொத்தமா பகிஷ்கரிக்கறது சரியில்ல, ஆளு ஆளா பாக்கணும்னார். அவரையே அகாடமிலேருந்து எடுத்துட்டாங்க. ஆக அவங்க வீட்டுக்குள்ளயே அது முடிஞ்ச பேச்சு இல்ல, நான் ஜமக்காளத்துல உக்காந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

எனக்குத் தெரிஞ்ச அளவுல, 'கிரேன்ஸ்' கடைசிக் காட்சிய எடுத்துக்கங்க. ரயில்வே ஸ்டேஷன், ஜெயிச்சுட்டு வர்றவங்க, பூ, பாட்டு, எல்லார் வீட்டு ஆளும் இறங்கறான், அவ ஆளு மட்டும் இல்ல. கையில கொண்டு வந்த பூவை யார் யாருக்கோ குடுத்துக்கிட்டே கூட்டத்துல நடக்கறா. அரசாங்கம் காசு போட்டு எடுத்த வெற்றிப் படம், அதுல ஜெயிச்ச சந்தோஷம் அவ மூஞ்சில கடைசிவரை ஒட்டவே இல்ல. இதை இப்ப போடக்கூடாதுன்னா எப்ப போடறது?

ஆனா 'ரஷ்யன் ஆர்க்' எனக்கு இந்தத் தடவை இடிச்சுது. பத்து வருசம் முன்னாடி பாத்தப்போ வாயப் பொளந்தேன். இப்ப அந்த அரண்மனை, ஜார், நடனம், மெடல் குத்தின ஆபீசர்ங்க, ஐயோ இதெல்லாம் போச்சேங்கற ஏக்கம், அதுவும் 'கம் அண்ட் சீ' முடிஞ்ச ஒரு மணி நேரத்துல. ஷாட்டு பிரமாதம்தான், ஏக்கம் யாருக்காகன்னு தெரியல.

#20 எடிட்டிங் டேபிள்

இதுல நான் உங்களோட சண்டை. அந்த அரண்மனைல ஒரு கதவைத் திறந்தா பனி, காலி பிரேம், தன் சவப்பெட்டியத் தானே செய்யற ஒருத்தன், முற்றுகை காலத்து லெனின்கிராட். அந்த ஒரு கதவுக்காகவே மொத்த நடனமும். கடைசில ஜனமெல்லாம் படிக்கட்டுல இறங்குது, வெளிய பாத்தா ஊரே இல்ல, கடலும் மூட்டமும். ஏக்கம் இருக்கு, ஆனா எல்லாரும் மூழ்கப் போறவங்கன்னு அவருக்குத் தெரியும்.

#21 செவ்வானம்

நான் அந்தப் படத்துக்கு உக்காரல. பஸ் போயிடும்னு கிளம்பிட்டேன். உண்மையச் சொன்னா பஸ் இருந்துச்சு. 'கம் அண்ட் சீ'க்கு அப்பறம் ஜாரைப் பாக்க மனசில்ல.

#22 புதுசு

எல்லாம் படிச்சேன். எனக்கு இதெல்லாம் பாக்க எங்க கிடைக்கும், டெலிகிராம் லிங்க் உண்டா?

#23 இழைக் காவலர்

லிங்க் கேக்கக்கூடாதுன்னு விதி இருக்கு தம்பி. மோஸ்பிலிம் ஸ்டூடியோவே தன் யூடியூப் சேனல்ல நிறைய படத்தை சப்டைட்டிலோட இலவசமா போட்டிருக்கு. அங்க தேடு.

#24 ஒடேசா ரிட்டர்ன்

@தூங்குமூஞ்சி அண்ணா, போடலாமான்னு கேட்டீங்க. எனக்கும் முடிவா தெரியாது. ஒடேசால வயசானவங்க என்னைப் பாத்தா ராஜ் கபூர்னு சொல்லி 'ஆவாரா ஹூன்' பாடுவாங்க, கொஞ்சம் சின்னவங்கன்னா 'ஜிம்மி ஜிம்மி'. நான் தமிழ், எனக்கு ஹிந்தியே வராதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, இந்தியாதானேம்பாங்க. முதல்ல சிரிச்சேன், அப்பறம் எரிச்சலா இருக்கும். பலகைல 'ரஷ்யத் திரைப்படம்'னு படிச்சதும் எனக்கு அந்த எரிச்சல்தான் ஞாபகம் வந்துச்சு, இந்தத் தடவை அவங்க பக்கத்துலேருந்து.

படத்தைப் போடட்டும். யார் படம்னு சொல்லிப் போடட்டும்.

#25 அடையாறு ஆந்தை

அப்டேட். நேத்து சாயங்காலம் கேலரி அக்காவைப் பாத்து இந்த இழையப் படிச்சுக் காட்டினேன். முதல்ல "பலகைல எடமில்லப்பா, சாக்பீஸும் தீந்துடுச்சு"ன்னாங்க. அப்பறம் ஒடேசாப் பொண்ணு எழுதினத வாங்கி அவங்களே ஒரு தடவை படிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. உள்ள போய் டீ போட்டுட்டு வந்தாங்க, அடுத்த தடவை ஒவ்வொரு படத்துக்கும் தனியா ஒரு அட்டை, எந்த ஸ்டூடியோ, எந்த ஊரு, பேசற மொழி என்னன்னு எழுதி சுவத்துல குத்தலாம், ஆணி ஓட்டைதான் நிறைய இருக்கேன்னாங்க.

அடுத்த லிஸ்டுக்கு நான் சொன்னது: ஷெபிட்கோவோட 'தி அசென்ட்', ஐயாவுக்காக 'முதல் ஆசிரியர்', அப்பறம் தோவ்ஷென்கோவோட 'எர்த்', 1930, உக்ரைன் ஸ்டூடியோ. ஒரு கிழவர் பழக்குவியலுக்கு நடுவுல படுத்து, ஒரு பழத்தைக் கடிச்சுப் பாத்துட்டு நிம்மதியா சாவார், அதான் ஆரம்பமே. கூட்டுப் பண்ணைய வாழ்த்தி எடுத்த படம், ரெண்டு வருசத்துல அதே மண்ணுல பஞ்சம் வந்து லட்சக்கணக்குல செத்தாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கோதுமை வயலைப் பாத்தா எப்படி இருக்கும்னு பாக்கணும். தேதி இன்னும் முடிவாகல, அக்கா புரொஜக்டர் பல்பு மாத்தணும்கறாங்க, உண்டில விழுந்தது பத்தலயாம்.

#26 தூங்குமூஞ்சி

பல்புக்கு நான் ஐநூறு. 'எர்த்' எத்தனை நிமிசம்?

#27 எடிட்டிங் டேபிள்

ஒண்ணே கால் மணி நேரம் இருக்கும். உன்னால முடியும்.

#28 செவ்வானம்

நானும் ஐநூறு. 'முதல் ஆசிரியர்' தமிழ்ப் புஸ்தகம் என்கிட்ட ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணை கேலரில வெக்கறேன், படம் பாத்துட்டு யார் வேணா எடுத்துட்டுப் போகலாம், திருப்பிக் குடுத்தா சந்தோஷம்.

#29 ஒடேசா ரிட்டர்ன்

ஐயா ஜூலைல பரீட்சை முடிஞ்சு ஊருக்கு வரேன், அதுக்கு முன்னாடி புஸ்தகத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஆந்தை அண்ணா, தேதி ஜூலை மூணாவது வாரமா வெக்க முடியுமான்னு அக்காகிட்ட கேளுங்க, 'எர்த்' அட்டைல ஊர் பேரெல்லாம் உக்ரைன் உச்சரிப்புல நான் எழுதித் தரேன்.

#30 பனங்கிழங்கு

அந்தப் படம் திரும்பப் போட்டால், ஹோலில காது அடைக்கிற அந்த இடத்தில சத்தத்தைக் குறைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.